இரண்டு நாள் போன் கிடைக்காத கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி மறுபடி தார் ரோட்டில் ஏறியதும் உன்னுடைய 14 மிஸ்டு கால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. பயந்துபோயிருப்பாய் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் உன்னோடு பேசினேன். அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நிதானமாகப் படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

இங்கே ஆஸ்திரேலியாவில் முர்ரே என்று ஒரு ஆறு இருக்கிறது. கிழக்கே மலையில் பிறந்து, சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடி, எங்கள் மாநிலத்தில்தான் கடலில் கலக்கிறது. அடிலெய்டில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஆற்றுத் தண்ணீர்தான். 1955 முதல் குழாய் போட்டு மலை தாண்டிக் கொண்டுவருகிறார்கள். நாலு வருஷமாக அதைக் குடிக்கிறோம், ஒரு தடவைகூட அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்ததில்லை. என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர், வருஷா வருஷம் அங்கே போய்த் தங்குகிறவர், தன் பழைய டென்ட்டையும் இரண்டு தண்ணீர் கேன்களையும் கொடுத்து, "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவைத்தார்.

ஸ்வான் ரீச் என்ற சின்ன ஊரில் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு மிதவை, நம் காரை அப்படியே ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. அப்புறம் மண் ரோடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் புழுதி பறக்கப் போன பிறகு, கன்சர்வேஷன் பார்க் என்று எழுதிய ஒரு பலகை. இயற்கையை அப்படியே விட்டுவைப்பதற்காக அரசாங்கம் ஒதுக்கிய காடு அது. சிக்னல் போனது அங்கேதான்.

முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டி இடம் பிடித்திருந்தோம். இடம் என்றால் ஆற்றோரம் ஒரு வெட்டவெளி, எண் எழுதிய ஒரு குச்சி, கொஞ்சம் தள்ளி ஒரு குழிக் கழிப்பறை. அவ்வளவுதான். குழாய் இல்லை, விளக்கு இல்லை, கடை இல்லை, குப்பைத்தொட்டிகூட இல்லை. குடிக்க, சமைக்க 40 லிட்டர் தண்ணீர் எங்களோடு வந்தது, குப்பையெல்லாம் எங்களோடு திரும்பியது. நீ முதலில் கேட்கப்போவது சாப்பாடுதான், தெரியும். கேஸ் அடுப்பில் சோறும் ரசமும் வைத்தோம். ஒரு வேளையும் பட்டினி இல்லை.

டென்ட் எங்கே போடுவது என்பதுதான் பெரிய விஷயம். கரை நெடுகிலும் ரிவர் ரெட் கம் என்கிற மரங்கள், நாலு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத பருமன். நிழலைப் பார்த்ததும் நான் அதன் அடியில் நிறுத்தப் போனேன். பெரியவர் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. அந்த மரம் காற்றே இல்லாத நேரத்தில்கூடத் திடீரென்று கிளையை உதிர்த்துவிடும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அடியில் மட்டும் படுக்காதே என்றிருந்தார். வெயிலிலேயே போட்டோம். அன்று நடுராத்திரி அக்கரையில் மடார் என்று ஒரு சத்தம், பின்னாலேயே தண்ணீரில் விழும் ஓசை. விடிந்து பார்த்தால் ஒரு கார் நீளத்துக்குக் கிளை. உடைந்த இடம் பச்சை இறைச்சி மாதிரி சிவந்திருந்தது.

அடிமரங்களில் என் தலைக்கு மேலே ஒரே மட்டத்தில் ஒரு கோடு தெரிந்தது, அதற்குக் கீழே பட்டையெல்லாம் சேற்று நிறம். 2022 கடைசியில் வந்த வெள்ளம் நின்ற உயரம் அது. 1956-க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. இப்போது அதே ஆறு சத்தமே இல்லாமல் போகிறது.

விறகு விஷயம் உனக்குப் புதிதாக இருக்கும். சுற்றிலும் காய்ந்த கட்டைகள் கொட்டிக் கிடக்கின்றன, ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. சட்டம். கோடையில் விறகு நெருப்பே மூட்டக் கூடாது. இப்போது மே மாதம் என்பதால், ஊரில் வாங்கிய ஒரு மூட்டை விறகை, அதற்கென்று இருக்கும் இரும்பு வளையத்துக்குள் எரித்தோம். கீழே கிடப்பதை ஏன் எடுக்கக் கூடாது என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. சனிக்கிழமை காலையில்தான் விளங்கியது.

உன் பேத்திதான் கண்டுபிடித்தாள். விழுந்து வருஷக்கணக்காகக் கிடக்கும் ஒரு கட்டையின் பொந்துக்குள்ளிருந்து ஒரு பல்லி, பல்லி என்றால் என் முழங்கையிலிருந்து விரல்நுனி நீளம், மெதுவாக வெயிலுக்கு வந்தது. உடம்பெல்லாம் பலாப்பழத் தோல் மாதிரி தடித்த செதில். வால் எது, தலை எது என்றே தெரியவில்லை, இரண்டும் ஒரே மாதிரி மொத்தை. நாங்கள் நாலடி தள்ளிக் குந்தியிருந்தோம். அது வாயைத் திறந்து நீல நிற நாக்கை நீட்டிக் காட்டியது, பிறகு எங்களை மறந்துவிட்டு வெயில் காய்ந்தது. இங்கே அதை ஸ்லீப்பி லிசர்ட் என்கிறார்கள், தூங்குமூஞ்சிப் பல்லி. மைக்கேல் புல் என்ற பேராசிரியர் இதே ஆற்றுப் பகுதிக்கு மேற்கே, மவுன்ட் மேரி பக்கம், 1982-இல் தொடங்கி 30 வருஷத்துக்கு மேல் இந்தப் பல்லிகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். அவர் கண்டது என்ன தெரியுமா? வருஷத்தில் பெரும்பகுதி தனித்தனியாகத் திரியும் ஆணும் பெண்ணும், வசந்தம் வந்தால் அதே துணையைத் தேடிப் போய்ச் சேர்கின்றன. சில ஜோடிகள் 20 வருஷத்துக்கு மேல் அப்படியே. ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்தால் மற்றது பக்கத்திலேயே நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்.

மேலே நிமிர்ந்தால் பட்டுப்போன ஒரு மரத்தின் பொந்திலிருந்து வெள்ளைக் கிளி ஒன்று தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பொந்து உண்டாக நூறு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அப்புறம் நாங்கள் ஒரு சுள்ளியைக்கூட நகர்த்தவில்லை.

கரையோரம் நடந்தபோது இன்னொரு மரம் பார்த்தோம். அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மேல், படகு வடிவத்தில் பட்டை உரிந்த தழும்பு. இந்த மண்ணின் பழங்குடி மக்கள் மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் ஒரே துண்டாக எடுத்து, அதையே ஓடமாக்கி இந்த ஆற்றில் போயிருக்கிறார்கள். தழும்பின் ஓரத்தில் புதுப்பட்டை உதடு மாதிரி உருண்டு வளர்ந்து, மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. மரம் இன்னும் உயிரோடு தழைத்து நிற்கிறது. சின்னவள் தொடப் போனாள், வேண்டாம் என்றேன். அந்த மரங்களைச் சட்டமே காக்கிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றோம். இது ஆளில்லாத காடு என்று வரும்போது நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்காக எனக்கு வெட்கமாக இருந்தது அம்மா.

ராத்திரி நல்ல குளிர். அமாவாசையை ஒட்டிய நாள். ஸ்வான் ரீச்சைச் சுற்றிய இந்தப் பகுதி வானத்தின் இருட்டுக்காகவே 2019-இல் உலக அளவில் அங்கீகாரம் பெற்றது. சின்னவளை மடியில் வைத்துப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். இந்த மண்ணின் பழங்குடி மக்கள் வானத்தில் நட்சத்திரங்களை மட்டும் அல்ல, நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள கறுப்பையும் பார்த்து உருவம் சொல்வார்கள். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அது ஈமு பறவையின் தலை. அங்கிருந்து கழுத்து, உடம்பு, கால் என்று பால்வீதி நெடுக நீள்கிறது. எனக்குப் பிடிபட நேரமானது. "அதோ ஓடுது பாருங்கப்பா" என்று அவள்தான் விரலால் வரைந்து காட்டினாள். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வேலை, பஸ், வாடகை என்று ஓடியதில் எந்த மண்ணில் நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது.

பயப்படாதே. பெரியவர் ஒரு சின்னக் கருவியும் கொடுத்திருந்தார். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் போதும், செயற்கைக்கோள் வழியாக நாம் இருக்கும் இடம் மீட்புப் படைக்குத் தெரிந்துவிடும். அதை உறையிலிருந்து எடுக்கவே வேண்டி வரவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் போனது என் தப்பு. செப்டம்பரில் மறுபடி போகிறோம், அப்போது வசந்தம், அந்தப் பல்லி ஜோடியாக இருக்கும் என்று சின்னவள் நாள் எண்ணுகிறாள். இந்தத் தடவை எந்த நாள் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்ப சிக்னல் வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்புகிறேன்.

கட்டையோரம் உட்கார்ந்து உன் பேத்தி வரைந்த பல்லிப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாக்குக்கு நீலம் அவளேதான் தீட்டினாள்.

உன் அன்பு மகன்