அந்த மெதுவான இரண்டு சுற்றையும் காட்டுங்கள்

டிராக் சைக்கிள் பந்தயங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி, இணைய நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

போன வருஷம் ஒரு ஸ்பிரின்ட் அரையிறுதியை மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீரர்கள் நடை வேகத்தில் கிளம்பினார்கள். "ரேஸ் எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றாள். "ஆரம்பிச்சாச்சும்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படம் மாறிவிட்டது. முந்தைய ஓட்டத்தின் மறுகாட்சி, ஒரு பயிற்சியாளரின் முகம், அப்புறம் கொடி ஆட்டும் கூட்டம். மறுபடி டிராக்கைக் காட்டியபோது கடைசிச் சுற்றுக்கான மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் நாலு சைக்கிள் நீளம் முன்னே இருந்தார். எப்படிப் போனார் என்பது எங்களுக்குத் தெரியாது. நீங்கள் காட்டவில்லை.

ஸ்பிரின்ட் என்பது 250 மீட்டர் டிராக்கில் மூன்று சுற்று. கடைசிப் பத்து நொடிதான் பந்தயம், மற்றதெல்லாம் காத்திருப்பு என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கபடியில் பாடிப் போகிறவர் கோட்டோரம் போக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவீர்களா?

அந்த முதல் இரண்டு சுற்றில் என்ன நடக்கிறது? சைக்கிளில் பிரேக் கிடையாது, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த மறைவில் ஒண்டிக்கொண்டு வரலாம். அதனால் முன்னே போக யாருக்கும் ஆசையில்லை. சீட்டுக் குலுக்கலில் உள்பக்கம் கிடைத்தவர் வேறு வழியில்லாமல் முன்னே போகிறார், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. பின்னவர் ஒட்டிக்கொண்டு வர மாட்டார். வேண்டுமென்றே இடைவெளி விட்டு, சாய்ந்த வளைவின் மேற்புறம் ஏறிக்கொள்வார். மேலே இருப்பவருக்கு இறக்கத்தின் வேகம் இலவசம். முன்னவருக்கும் அது தெரியும். அவரும் மேலே ஏறி, எதிராளியை வேலியோரமாக ஒடுக்கி வைக்கப் பார்ப்பார். பாய்ச்சல் கிளம்புவது பெரும்பாலும் முன்னவர் தலையைத் திருப்பிய அந்த ஒரு கணத்தில்தான். நீங்கள் பயிற்சியாளரின் முகத்தைக் காட்டுவதும் சரியாக அதே கணத்தில்தான்!

ஒரு காலத்தில் இந்தப் பொறுமைக்கு எல்லையே இருக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெத்தனெல்லாவும் பிரான்சின் திரான்தானும் ஏறக்குறைய 22 நிமிடம் நகராமல், கால் ஊன்றாமல், சைக்கிள் மேலேயே நின்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் பெத்தனெல்லாவுக்கு. 1968இல் இத்தாலியின் வரேசே நகரில் அதே பெத்தனெல்லாவும் பியான்கெத்தோவும் நின்றது ஒரு மணி நேரத்துக்கும் மேல். உலகக் கொக்குகள் எல்லாம் இவர்களிடம் பாடம் கேட்கலாம். இப்போது அப்படி நிற்பதற்கு 30 நொடிதான் வரம்பு. அந்த அரை நிமிடம்கூட உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் என்ன சொல்வது.

அடுத்தது, தாக்குப்பிடிக்கும் திறன். உங்கள் வர்ணனையாளர்கள் ஸ்பிரின்ட் வீரரை வெறும் வேகப் பிராணியாகவே பேசுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ஹாரி லவ்ரெய்சன் தகுதிச்சுற்றில் 200 மீட்டரை 9.088 நொடியில் கடந்தார், அன்றைக்கு அது உலக சாதனை. அந்த எண்ணைத் திரும்பத் திரும்பத் திரையில் போட்டீர்கள், சரி. ஆனால் அந்தப் போட்டி மூன்று நாள் நடந்தது. ஒரு ஓட்டத்தில்கூடத் தோற்காதவரும் தகுதிச்சுற்றோடு சேர்த்துப் பத்து தடவை டிராக்கில் இறங்கியாக வேண்டும். தசையில் கையிருப்பாக இருக்கும் சக்தி சில நொடியில் காலி. மிச்சத் தூரத்தைக் கால் எரிய எரியத்தான் ஓட்ட வேண்டும். பிறகு ரோலரில் (நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்ட உதவும் உருளைகள்) மெதுவாக மிதித்துக் காலை ஆற்றி, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும். இப்படி ஆறுகிற வேகம்தான் கடைசி நாளில் பதக்கத்தை முடிவு செய்கிறது. லவ்ரெய்சன் அதற்கு முன்பே அணி ஸ்பிரின்டில் தங்கம் வாங்கியிருந்தார், பிறகு கெய்ரினிலும் (மோட்டார் வண்டியின் பின்னால் வேகமெடுத்து, அது விலகியதும் பாயும் பந்தயம்) வாங்கினார்.

பிரிட்டனின் கிறிஸ் ஹாய் 2004இல் ஏதென்ஸில் ஒரு கிலோமீட்டர் தனி ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அந்தப் பந்தயத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் (எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது). அவர் ஸ்பிரின்டுக்கு வந்தார், 2008 பெய்ஜிங்கில் அதிலும் தங்கம். கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய கால்கள் இருந்தால், கடைசி 200 மீட்டர் வரை காத்திருக்கத் தேவையில்லை. தூரத்திலிருந்தே கிளம்பி, துரத்துகிறவரைத் திணறடிக்கலாம்.

தந்திரமும் தம்மும் ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கெய்ரின் இறுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். வேகம் கூட்டித்தரும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் முதல் ஆளாக பிரிட்டனின் ஜேசன் கென்னி. அடுத்து வந்த ஆஸ்திரேலியாவின் கிளெட்சர் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார். கென்னி திரும்பிப் பார்த்தார். மோட்டார் வண்டி விலகியதும் பிய்த்துக்கொண்டு பறந்தார், இன்னும் மூன்று சுற்று பாக்கி இருக்கும்போதே! பின்னால் இருந்தவர்கள் யார் துரத்துவது என்று தயங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னிக்கு வெள்ளி. அது கென்னியின் ஏழாவது ஒலிம்பிக் தங்கம். மோட்டார் வண்டி விலகும் முன் இருந்த அந்த இடைவெளியைக் கவனிக்காதவருக்கு, கென்னி தனியாகப் பறந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று சுற்றையும் வெட்டாமல், முழு டிராக்கும் தெரிகிற உயரத்திலிருந்து ஒரு கேமராவில் காட்டுங்கள். பழைய ஸ்பிரின்ட் வீரர் ஒருவரை வர்ணனைக்கு உட்கார வைத்து, யார் யாரை எங்கே ஒடுக்குகிறார் என்று மெல்லிய குரலில் சொல்லச் சொல்லுங்கள். விளம்பரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில், வீரர்கள் ரோலரில் காலை ஆற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடுங்கள். இல்லை, வேண்டாம், அதையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு ரசிகன்