கன்ஃபிகர் ஓடும்போதே சொல்லிவிடுங்கள்

தரவுத்தள மென்பொருள் பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புதிய பதிப்பை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து ஓடும் நிரலாக மாற்ற எனக்கு நான்கு இரவுகள் ஆயின. இப்போது நன்றாகவே ஓடுகிறது. அதற்கு உண்மையாகவே நன்றி. ஆனால் அந்த முதல் இரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டுவதற்குத் தேவையானவை கணினியில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட், எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நேரே 'இருக்கிறது' என்று போட்டிருந்தது. நம்பி, கட்டும் வேலையைச் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஓடிவிட்டு நின்றது. கடைசி வரியில் இருந்தது 'பிழை 2' மட்டுமே. கீழே ஏதோ ஒன்று தோற்றது என்பதைத் தவிர அதில் ஒரு தகவலும் இல்லை. எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்ததால், உண்மையான பிழை முந்நூறு வரிகளுக்கு மேலே புதைந்து கிடந்தது: ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் கோப்பை, அதாவது லைப்ரரியில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பை, காணோம். பல லினக்ஸ் வழங்கல்களில் லைப்ரரி ஒரு பொதியிலும், ஹெடர்கள் 'டெவ்' அல்லது 'டெவெல்' என்று முடியும் வேறொரு பொதியிலும் வரும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கன்ஃபிகரைத் திறந்து பார்த்தேன். ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஹெடரைத் தேடவே இல்லை.

இரண்டாவது இரவு நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிட்டது. அது உங்கள் தவறில்லை, எட்டை இரண்டாகக் குறைத்தேன், சரியானது. அப்புறம், கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று நிறுத்தியது. ஹெடரில், 'வரையறை வேறிடத்தில் இருக்கிறது' என்று சொல்லும் 'எக்ஸ்டெர்ன்' என்ற சொல்லைப் போடாமல் விட்ட மாறி அது. 2020இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் இது இயல்பாகவே பிழைதான். இத்தனை வருடங்களில் புதிய கம்பைலரில் ஒருமுறைகூடவா யாரும் கட்டிப் பார்க்கவில்லை?

நான் கேட்பது ஒன்றுதான்: இல்லாததைக் கன்ஃபிகர் ஓடும்போதே, பெயரோடு சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தைக் கட்டும்போது, கட்டளை வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரி இல்லையென்றால் கன்ஃபிகர் அங்கேயே நிற்கிறது. எது இல்லை, எந்த லாக் கோப்பைப் பார்க்க வேண்டும், அது இல்லாமல் கட்ட எந்த ஆப்ஷன் என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. முடியாத காரியமில்லை.

இதே குறையைச் சொல்லி வந்த புகார்களை 'உங்கள் கணினிப் பிரச்சினை' என்று மூடியிருக்கிறீர்கள். 'ஆயத்தப் பொதியைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒருவருக்குப் பதில். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாதவர், வேறு டைரக்டரியில் நிறுவ வேண்டியவர், பொதியில் இல்லாத வசதி தேவைப்படுபவர் எல்லாம் என்ன செய்வது? மூலநிரலை வெளியிடுவது, பிறர் அதைக் கட்டிப் பயன்படுத்தத்தானே? பாதிப் பேர் அந்த 'பிழை 2'ஐப் பார்த்ததுமே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் உங்களுக்குப் புகார்கூட எழுதியிருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை இது என்று தெரியும். அதனால் வெறுங்கையோடு கேட்கவில்லை. ஹெடரைச் சோதித்து, இல்லையென்றால் பெயர் சொல்லி நிற்கும் பேட்ச் (நிரல் மாற்றம்) ஒன்றும், அந்த 'எக்ஸ்டெர்ன்' திருத்தமும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மூலநிரலின் எந்தக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் ஒரு சர்வர் நிர்வாகி