புகை வந்த இடம்தான் ஊர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். போன மாதத்தோடு எனக்கும் வேலை முடிந்தது. இத்தனை வருஷம் கான்சாஸ் சிட்டியில் இருந்துவிட்டு, கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை என்று மனைவிக்குக் குறை. சரி என்று முதல் வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

போன ஊரின் பெயர் நிக்கோடீமஸ். தபால் ஆபீஸில் வாழ்நாளைக் கழித்தவன் நீ. ஊர்ப்பெயர் என்றால் உனக்குத் தனி ருசி. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

24-ஆம் நெடுஞ்சாலை ஓரம், கிரஹாம் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல், எந்நேரமும் காற்று. பழைய கட்டடங்கள் ஐந்து, அங்கங்கே வீடுகள், அவ்வளவுதான். இருபது பேர்கூட இப்போது குடியிருக்கவில்லை. ஆனால் 1996-ல் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் அமைத்த குடியேற்றங்களில், இன்றும் ஆள் இருக்கிற மிகப் பழைய ஊர் இது.

இந்த ஊர் தொடங்கியது 1877-ல். அந்த வருஷம்தான் தென்மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைக்காவல் விலகியது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், அங்கிருந்த கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை, உயிருக்குப் பாதுகாப்பும் இல்லை. அந்த நேரத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில முகவரும் சேர்ந்து ஊர்க் கம்பெனி ஒன்று தொடங்கினார்கள். கென்டக்கியில் துண்டறிக்கை ஒட்டினார்கள். ஐந்து டாலர் கொடுத்தால் கான்சாஸ் போகலாம் என்று ஒன்றில் இருக்கிறது. செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து சுமார் 35 மைல் நடந்தும் வண்டியிலும் வடக்கே போனார்கள்.

போய்ப் பார்த்தால் ஊரே இல்லை! பெயர் மட்டும்தான் இருந்தது. அறுபது குடும்பங்கள் வரை உடனே திரும்பிவிட்டனவாம்.

அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், பிற்காலத்தில் அந்த நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு என்னால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு சரியில்லாமல் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார். "அதோ நிக்கோடீமஸ்" என்று ஆண்கள் கத்துகிறார்கள். கண்ணை விரித்துப் பார்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்கிறார். கணவர் கையை நீட்டிக் காட்டுகிறார்: தரையிலிருந்து அங்கங்கே புகை வருகிறது, அதுதான் ஊர். மரம் கிடைக்காத நிலம் என்பதால், மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். அந்த அம்மா அழுதுவிட்டார். ஆனாலும் அங்கேயே தங்கினார்.

முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜக்கரி பிளெட்சர் என்பவர் உன் தொழில்காரர், அந்த ஊரின் முதல் போஸ்ட்மாஸ்டர். அவர் மனைவி ஜென்னிதான் முதல் ஆசிரியை.

இப்போது பெயருக்கு வருகிறேன். பைபிளில் இயேசுவை இரவில் தேடி வந்து, வயதான மனிதன் மறுபடி எப்படிப் பிறப்பான் என்று கேட்கிற நிக்கொதேமுவின் பெயர்தான் இது என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே சொன்னது வேறு. 1864-ல் ஹென்றி கிளே வொர்க் எழுதிய ஒரு பாட்டில் நிக்கோடீமஸ் என்ற அடிமை வருகிறார். ஆப்பிரிக்காவில் பிறந்து, பை நிறையப் பொன்னுக்கு வாங்கப்பட்டவர். விடுதலைப் பெருவிழா அன்று விடியும்போது என்னை எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டுச் சாகிறார். எழுதியவர் வெள்ளைக்காரர், அவருடைய அப்பா, அடிமைகள் தப்பிக்க உதவப் போய்ச் சிறைக்குப் போனவர்.

பைபிள் பெயர்தான் என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பாட்டுப் பக்கம்தான் மனம் சாய்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 1877 துண்டறிக்கை ஒன்றில் அந்தப் பாட்டையே அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் சொல்லை மாற்றி. மூலத்தில் எல்லாரும் சதுப்பு நிலத்து மரத்தடியில் கூட வேண்டும். துண்டறிக்கையில், இந்த ஊர் இருக்கிற சாலமன் பள்ளத்தாக்கில், காட்டன்வுட் மரத்தடியில் கூடச் சொல்கிறது. காட்டன்வுட் அந்தச் சமவெளியின் ஆற்றோரத்து மரம். அடிமை கண்ட கனவை எடுத்துத் தாங்கள் போகப்போகும் மண்ணில் நட்டிருக்கிறார்கள், நண்பா. ஊர் விற்பதற்கான விளம்பரம்தான் அது, தெரியும். ஆனாலும் படித்தவர்கள் அதற்குள் தங்களைப் பார்த்திருப்பார்கள்.

அதே ஹில் பக்கத்தில் இன்னொரு ஊர் அமைத்து, அதற்குத் தன் பெயரையே வைத்தார். ஹில் சிட்டி. கவுண்டித் தலைமையிடம் அதுதான். நிக்கோடீமஸிலிருந்து போன எட்வர்ட் மெக்கேப் 1882-ல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருந்தும் 1888-ல் ரயில் பாதை சாலமன் ஆற்றின் தென்பக்கமாகப் போய்விட்டது. ரயில் வருவதற்காக 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டிருந்த ஊர் அது! கடைக்காரர்கள் கட்டடங்களைக் கூடப் பெயர்த்துக்கொண்டு, புதிதாக முளைத்த போக் என்ற ஊருக்குப் போனார்கள். 1953-ல் தபால் நிலையமும் மூடிவிட்டது. இந்த வரியை எழுதும்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும், எங்கெங்கோ இருக்கிற வாரிசுகள் ஊர் திரும்புகிறார்கள். 1834 ஆகஸ்ட் 1-ல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடத் தொடங்கிய விழா அது. அந்த ஒரு வாரக் கடைசியில் தெரு நிறைந்துவிடுமாம்.

உன் மகள் சிகாகோவில்தானே இருக்கிறாள்? அடுத்த ஜூலையில் நீங்கள் வருவதாக இருந்தால், அந்த விழாவுக்குச் சேர்ந்து போகலாம். கார் நான் ஓட்டுகிறேன், உன் முழங்காலுக்கு வழியில் வேண்டிய அளவு நிறுத்துவோம். டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வரி எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்