அப்பாவின் குளிசைகளை ஒருமுறை பார்த்துவிடு

பொகவந்தலாவை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் ஓ/எல் பரீட்சையில் நல்லபடியாகப் பாஸானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே விடாத மழை, பல நாள் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம்தான்.

போன மாதம் எங்கள் அத்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் அடுப்பங்கரையிலேயே சாய்ந்தார், கைகால் வெட்டி இழுத்தது. எங்கள் லய வீடுகளில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை விடப் பார்த்தார். அதையெல்லாம் தடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தோம். இத்தனை வயது வரை வலிப்பே வராத மனுஷி. பூசாரியைக் கூப்பிடச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "என்னென்ன மருந்து குடிக்கிறார்?" என்றுதான். தொய்வுக்கு, அதுதான் ஆஸ்துமாவுக்கு, கிளினிக்கில் கொடுத்த தியோபிலினைப் பல வருஷமாகக் குடிக்கிறார். சலம் போகும்போது எரிகிறது என்று டவுனில் ஒரு இடத்தில் காட்டியபோது சிப்ரோபிளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் தியோபிலினைக் கரைத்து வெளியேற்றும் வேலையைச் சிப்ரோ மந்தமாக்கிவிடுமாம். பழைய அளவில் குடித்தாலும் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போய், சிலருக்கு வாந்தி, படபடப்பு எதுவும் காட்டாமல் நேரே வலிப்பில் கொண்டுபோய் விடும். சிப்ரோ தனியாகவே வலிப்பைத் தூண்டக்கூடியதுதான்.

அந்தக் குளிசைக் கவரில் "காலை 1, இரவு 1" என்பதைத் தவிர மருந்தின் பெயர்கூட இல்லை, மச்சான். வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள், ஸ்கேனிலும் கோளாறு இல்லை. இது மருந்தால் வந்தது, காக்காய் வலிப்பு நோய் இல்லை, காலமெல்லாம் அதற்கு மருந்து குடிக்க வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். தன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் "வலிப்புக் குடும்பம்" என்ற பேச்சு கிளம்பிவிடுமோ என்று மாமா கலங்கிப்போயிருந்தார், அந்த வார்த்தைக்குப் பிறகுதான் சாப்பிட்டார்.

இதை இவ்வளவு எழுதுவது உன் அப்பாவுக்காக. முதுகு வலிக்கு ட்ரமடோலும், மனச்சோர்வுக்கு வேறு குளிசையும் குடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். ட்ரமடோலாலும் வலிப்பு வரலாம், மனச்சோர்வு மருந்துகள் பலவற்றோடு சேரும்போது அந்த ஆபத்து கூடும். ட்ரமடோல் சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 75 வயதுக்கு மேல் 300. சிறுநீரகம் பலவீனமென்றால் இன்னும் குறைக்க வேண்டும். அப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறதே, அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

இந்த மருந்துகளைக் குடிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால் அவரைப் பயமுறுத்தாதே. நீங்களாக எதையும் நிறுத்திவிடவும் வேண்டாம். நித்திரைக்குக் கொடுக்கும் குளோனசெபாம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரும். வீட்டில் இருக்கிற கவர், போத்தல், கடையில் வாங்கிய தடிமன் மருந்து, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரின் மேசையில் கொட்டிக் காட்டு.

இந்தக் கிழமையே போ. டொக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. அத்தையும் உன் அப்பாவை விசாரித்தார்.

அன்புடன்,
உன் மச்சான்