நாலு வீல் ஆக்கித் தருகிறோம் என்றால் யோசியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தாண்டிக்குடி மலைப் பக்கம் தோட்டத்துப் பாதையெல்லாம் சேறுதான். தார் ரோட்டிலிருந்து என் காபித் தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. வாழைத்தார் ஏற்றி இறங்கும்போது பிக்கப் ஒழுங்காக வரும், காலியாக ஏறும்போதுதான் பின்னால் பாரமில்லாமல் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். நாலு வீலும் இழுக்கிற மாதிரி மாற்றிவிடலாம், பத்து நாள் வேலை என்று கீழே ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்தேன். இப்போது எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் அதே பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

பின் இரண்டு வீல் மட்டும் இழுக்கிற பிக்கப்பில் முன்சக்கரத்துக்கு உருள்வதும் திரும்புவதும்தான் வேலை. அதை இழுக்க வைக்க முன்னால் கிரவுன் பினியனோடு (ஷாஃப்ட் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) ஒரு ஹவுசிங், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து முன்னுக்கு இன்னொரு ஷாஃப்ட் வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இடம் பிடிப்பதால் பின் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து மறுபடி பேலன்ஸ் பார்க்கணும். ஹவுசிங் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்பில் இடிக்காமலிருக்க வண்டியைத் தூக்கணும், தூக்கினால் ஷாஃப்ட் கோணம் மாறும், பிரேக் ஹோஸ் எட்டாது, இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. என் வண்டியில் பாதி வேலை வெல்டிங்கிலேயே முடிந்தது.

பெரிய கூத்து பல் கணக்கில். முன் ஹவுசிங்கைப் பழைய ஜீப்பிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அதில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8. என் பிக்கப் பின்னால் 39க்கு 8. அதாவது பின்சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது முன்சக்கரம் ஒன்பதுதான் சுற்றும். சேற்றில் டயர் வழுக்கி அதைச் சமாளித்துவிடும், ஆனால் கெட்டித் தரையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். மூன்றாம் நாளே முன் ஷாஃப்டின் இணைப்பிலுள்ள கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தொங்கியது. அப்புறம் என் மைத்துனன் வந்து வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றி எண்ணிக் காட்டினான். அரைமணி நேர வேலை, பட்டறையில் அதைச் செய்ய ஆளில்லை.

சரி, பல்லை மாற்றிக்கொள்ளலாம் என்றால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போன இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும் என்றும் சேர்ந்தது. பட்டறைக்காரர் இதையெல்லாம் ஏன் சொல்லப் போகிறார்!

நான் திரும்ப இரண்டு வீலாகவே ஆக்கிவிட்டேன். காலியாக ஏறும்போது பின் ஆக்சிலுக்கு மேலே ஆறு மணல் மூட்டை, பின்னால் ஆழமான பட்டன் டயர், முக்கால்வாசி நாள் ஏறிவிடுகிறது. அதுவும் போதாது என்பவர்கள் இருக்கிற வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியிலேயே நாலு வீலாக வந்த பழைய வண்டியைத் தேடுவதுதான் லாபம்.

அரசுக்கு ஒரு கேள்வி. காஸ் கிட் மாட்டவும் டீசல் வண்டியில் மின் மோட்டார் வைக்கவும் சோதனை பார்த்து அங்கீகாரம் தருகிறீர்கள், மலைத்தோட்டக்காரர்களுக்கு அப்படி ஒரு அங்கீகரித்த நாலு வீல் கிட் ஏன் வரக் கூடாது? அது வரும்வரை என் முன் ஹவுசிங் காபிக் களத்து ஓரத்தில்தான் கிடக்கும், பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.

– ஒரு தோட்டக்காரர், தாண்டிக்குடி