இந்தப் பருவம் முடியுற நேரத்துல, பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவமும் நல்லபடியா முடியப் போகுது. பரீட்சை முடிஞ்சுது, பேப்பர் திருத்துற வேலை ஓடிட்டிருக்கு, விளையாட்டு விழால பிள்ளைங்க அசத்திட்டாங்க, அறிவியல் கண்காட்சிக்கு வந்தவங்க எல்லாரும் பாராட்டிட்டுப் போனாங்க, சின்ன வகுப்பு பிள்ளைங்க மேடையில பயமில்லாம பேசினாங்க. உழைச்ச ஆசிரியர்கள் எல்லாருக்கும் நன்றி. மார்க் விவரம் வழக்கம்போல பெற்றோர் கூட்டத்துல சொல்லிடுறோம்.

அப்புறம் இன்னொரு விஷயம். ஆண்டு மலருக்கும் புது ஐடி கார்டுக்கும் போட்டோ கேட்டிருந்தோம், ஸ்கூல் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி. நீங்களும் ஆர்வமா அனுப்பிட்டீங்க, அதுக்கு முதல்ல நன்றி சொல்லிடுறேன். ஆனா அது வந்த விதத்துல ஆபீஸ்ல இருக்குறவங்க படுற பாட்டையும் சொல்லாம இருக்க முடியல.

ஒரு மெயிலைத் திறந்தா சப்ஜெக்ட் காலியா இருக்கு. உள்ள "மேடம் பாப்பா போட்டோ", அவ்வளவுதான். எந்தப் பாப்பா, எந்த வகுப்பு? அனுப்புனவங்க பேரைப் பாத்தா அங்க அப்பாவோட கம்பெனி பேரு இருக்கு. போட்டோ ஃபைல் பேரு ஐஎம்ஜி போட்டு எட்டு நம்பர். எல்லாப் பிள்ளையும் ஒரே யூனிஃபார்ம், ஒரே மாதிரி படிய வாரின தலை, ஆபீஸ் மேடம் அந்தப் போட்டோவைத் தூக்கிக்கிட்டு வகுப்பு வகுப்பா போயி "இது யாரு"ன்னு கேட்டுட்டு வராங்க. இன்னொருத்தர் ஸ்டூடியோல எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை மேசை மேல வச்சு போன்ல திரும்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருக்காரு, அதுல பிள்ளையோட நெத்தி முழுக்க டியூப்லைட் வெளிச்சம், ஓரத்துல அவரோட கட்டைவிரல். அதை ஐடி கார்டுல எப்படிங்க போடுறது?

சிரிச்சுட்டுப் போயிடலாம்தான், ஆனா போன வாரம் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்ல. நம்ம ஸ்கூல் மெயில் இலவச ஜிமெயில், அதுல மெயில், டிரைவ் (ஃபைல் சேத்து வைக்கிற கூகுளோட ஆன்லைன் இடம்), போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்து மொத்தமே 15 ஜிபிதான் இடம். இப்போ வர போன்ல ஒரு போட்டோ 3, 4 எம்பி சாதாரணமா வருது. ஒவ்வொரு வீட்ல இருந்தும் 20 போட்டோ வந்தா 80 எம்பி, அப்படி 200 வீடு அனுப்புனாலே 15 ஜிபி தாண்டிடும். தாண்டிடுச்சு. இடம் நிறைஞ்சா புது மெயில் உள்ள வராது, அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிடும். பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டர் ரெஸ்ட் சொல்லிருக்காருன்னு ஒரு அம்மா அனுப்புன மெயில் அப்படித்தான் திரும்பிப் போயிருக்கு. போன் பண்ணி விசாரிச்சப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நாங்க கேக்குறது ஒரு பிள்ளைக்கு ரெண்டே போட்டோ. ஐடி கார்டுக்கு ஒண்ணு, ஆண்டு மலருக்கு ஒண்ணு. பத்து அனுப்பி "நல்லதா பாத்து எடுத்துக்கோங்க"ன்னு போடாதீங்க, உங்க பிள்ளை எதுல அழகா இருக்குன்னு உங்களைவிட எங்களுக்கா தெரியும்? போன்ல கேலரியைத் திறந்து முதல் போட்டோவை அழுத்திப் பிடிச்சா டிக் விழும், இன்னொண்ணையும் தொட்டுட்டு ஷேர் பட்டனை அமுக்கி ஜிமெயிலோ நீங்க வச்சிருக்குற மெயில் ஆப்போ அதைத் தேர்ந்தெடுத்தா ரெண்டும் ஒரே மெயில்லயே ஏறிடும், போட்டோவுக்கு ஒரு மெயில்னு தனித்தனியா அனுப்ப வேண்டாம். சப்ஜெக்ட்ல பிள்ளை பேரு, வகுப்பு, பிரிவு. இந்த மூணும் இருந்தாலே எங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

ஐபோன் வச்சிருக்குறவங்க அதோட மெயில் ஆப்லயே அனுப்புனா, அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல் சைஸ்னு கேக்கும், லார்ஜ் போதும். ஸ்மால் வேண்டாம், அச்சுல மங்கிடும். 4க்கு 6 இன்ச்ல தெளிவா அச்சாகணும்னா 1200க்கு 1800 பிக்சலாவது (படத்துல இருக்குற குட்டிக் குட்டிப் புள்ளி) இருக்கணும். அதனாலதான் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்கன்னு கெஞ்சுறோம். ஐபோன்லயே இன்னொரு சிக்கல், ஹெச்இஐசின்னு முடியுற ஃபைல் எங்க ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்ல திறக்கறதே இல்ல. செட்டிங்ஸ்ல கேமராவுக்குள்ள ஃபார்மட்ஸ் போயி மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வச்சுட்டு எடுத்தா எல்லா கம்ப்யூட்டர்லயும் திறக்குற ஜேபெக்காவே வரும், ஆனா அதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ மாறாது.

விளையாட்டு விழால நிறைய எடுத்து வச்சிருக்கோம், ஸ்கூலுக்கும் தரணும்னு ஆசைப்படுறவங்க இருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா ஜிமெயில்ல ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் எல்லை. அதுலயும் போட்டோ மெயில்ல போகும்போது எழுத்தா மாத்தித்தான் அனுப்புமாம், அதனால சைஸ் மூணுல ஒரு பங்கு கூடிடும்னு கம்ப்யூட்டர் சார் சொல்றாரு. 18 எம்பிக்குள்ள நிறுத்திக்கோங்க. அதுக்கு மேலன்னா உங்க டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க் மட்டும் அனுப்புங்க, ஸ்கூல் மெயில் ஐடிக்கு மட்டும் பாக்குற அனுமதி குடுத்துட்டு. அனுமதி குடுக்காம லிங்க் அனுப்புனா நாங்க பர்மிஷன் கேட்டு உங்களுக்கு மெயில் போடணும், நீங்க அதைப் பாக்கணும், அதுக்குள்ள மலரே அச்சாகி வந்துடும்.

இப்போ சொல்லப் போறது கொஞ்சம் கண்டிப்பா இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் விழா போட்டோ எல்லாத்தையும், வகுப்புல இருக்குற எல்லாப் பெற்றோரோட மெயில் ஐடியையும் 'டு'ல வரிசையாப் போட்டு அனுப்பிருக்காரு. அதுக்கு நாலு பேரு ரிப்ளை ஆல். அந்த மெயில்ல இருந்து யாரோ எடுத்து, மத்தவங்க பிள்ளை முகம் தெளிவாத் தெரியுற போட்டோவை வெளியில போட்டுட்டாங்க. அந்தப் பிள்ளையோட அப்பா என் ரூம்ல வந்து உக்காந்து "யாரைக் கேட்டுப் போட்டாங்க"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. உங்க பிள்ளை போட்டோவை என்ன பண்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, அடுத்தவங்க பிள்ளை போட்டோவை அவங்க வீட்ல கேக்காம அனுப்பவோ போடவோ கூடாது. இனிமே இது நடந்தா அந்தப் பெற்றோரை நேர்லயே கூப்பிட்டுப் பேசுவோம், விழால போன்ல போட்டோ எடுக்குறதையே நிறுத்த வேண்டி வந்தாலும் நிறுத்துவோம்.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா, போட்டோ எடுத்த இடம் அந்த ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். வாட்ஸப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனா அந்த விவரம் போயிடும், மெயில்ல அப்படியே வரும். வீட்டு வாசல்ல நிக்க வச்சு எடுத்த போட்டோன்னா வீடு எங்கன்னு மேப்லயே பாத்துடலாம். ஐபோன்ல ஷேர் பண்ணும்போது மேல ஆப்ஷன்ஸ்னு இருக்கும், அதுல லொகேஷனை அணைச்சுடுங்க. ஆண்ட்ராய்டுல கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன் சேக்குறதை அணைச்சுட்டு எடுங்க. பலருக்கு ஒரே மெயில் அனுப்பியே ஆகணும்னா ஐடி எல்லாத்தையும் 'டு'ல போடாம பிசிசி-ல போடுங்க, அப்போ ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாது.

இதெல்லாம் கஷ்டமா இருக்கு, மெயிலே பழக்கமில்லன்னு நினைக்கிற பாட்டி தாத்தா யாராவது இருந்தா கவலைப்படாதீங்க. பிள்ளையைக் கூப்பிட வரும்போது போனைக் கையோட எடுத்துட்டு வாங்க, ஆபீஸ்ல மேடம் உக்காந்து சேந்தே அனுப்பிக் குடுப்பாங்க. இத்தனை பாடு பட்டும் அவங்க இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்காங்க, நீங்களும் ஒரு நன்றி சொல்லிட்டுப் போங்க. ஏற்கெனவே சரியா பேரு, வகுப்பு போட்டு ரெண்டே போட்டோ அனுப்புனவங்க திரும்ப அனுப்ப வேண்டாம், உங்களுக்கெல்லாம் தனியா ஒரு கும்பிடு. மத்தவங்க அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. மெயில்பாக்ஸைக் காலி பண்ணியாச்சு, இப்போ இடம் இருக்கு. போன வாரம் மெயில் திரும்பி வந்தவங்க மட்டும் தயவுசெஞ்சு இன்னொரு தடவை அனுப்பிடுங்க, லீவ் லெட்டரா இருந்தா முதல்ல அதை.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்