பசுவின் முன்னால் சோற்றைக் குவிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. தலைவாழை இலையில் குவித்து வைத்த பொங்கல், அதில் மூக்குவரை புதைத்துத் தின்னும் ஒரு செவலைப் பசு, சுற்றிலும் கும்பிட்டபடி ஒரு குடும்பம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாதான், ஆனால் பேச்சும் பண்டிகையும் பொள்ளாச்சிப் பக்கம் மாதிரியேதான். நாலு மாடு கட்டி சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். போன ஆவணியில் வீட்டில் கல்யாணம், பந்தி முடிந்ததும் ஒரு அண்டா சோறு மீந்துவிட்டது. குழியில் கொட்டுவதற்கு வாயில்லா ஜீவன் தின்னட்டுமே என்று அத்தை சொன்னார்கள். நான்தான் இரண்டு பக்கெட் சோற்றைக் குளுதாடியில், அதாவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் கொட்டி, மிச்சப் பாயசத்தையும் மேலே ஊற்றினேன். 12 லிட்டர் கறந்துகொண்டிருந்த மாடு, ஒரு பருக்கை விடாமல் நக்கி எடுத்தது.

விடிந்து பார்த்தால் அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது, சாணி தண்ணீராக, புளித்த மாவு வாடையோடு போனது, கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் வந்து இடது பக்கம் குழாயை வைத்துக் கேட்டார். "சேச்சி, எத்ர சோறு கொடுத்து?" இதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. ட்ரிப் போட்டார், சோடா உப்பு கரைத்துக் கொடுத்தார், இருமுறை வீட்டுக்கே வந்து பார்த்தார். மூன்றாம் நாள் விடியற்காலை மாடு போய்விட்டது.

அப்புறம் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் மாட்டு வயிறு என்றால் என்ன என்று புரிந்தது. பிறந்ததிலிருந்து மாட்டோடு இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

மாட்டுக்கு நாலு வயிறு என்கிறோமே, உண்மையில் வயிறு ஒன்று, அறைதான் நாலு. முதல் அறை இடது பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கும், 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. வைக்கோலையும் சோளத்தட்டையும் உடைக்கிற வேலையைச் செய்வது உள்ளே கோடானுகோடியாக வாழும் நுண்ணுயிர்கள். அவை தீவனத்தை நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றித் தருகின்றன, மாட்டின் உடம்புக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்த அமிலங்களிலிருந்து வருவதுதான். பாலில் ஃபேட் ஏறுவதற்கும் நார்த்தீவனத்திலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் வேண்டும். கடைசியில் அந்த நுண்ணுயிர்களே நாலாவது அறைக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகிவிடும்.

படுத்து அசை போடும் மாட்டின் கழுத்தை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கீழிருந்து ஒரு உருண்டை கழுத்து வழியாக மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஐம்பது தடவை போலப் பக்கவாட்டில் மென்று விழுங்கும், கொஞ்சம் நிறுத்தும், அடுத்த உருண்டை வரும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதே வேலை. அப்படி மெல்லும்போதுதான் எச்சில் ஊறுகிறது, ஒரு பால்மாட்டுக்கு நாளுக்கு 100 லிட்டருக்கும் மேல். அந்த எச்சிலில் இருப்பது நம் ஆப்ப சோடாவில் இருக்கும் அதே பொருள், வயிற்றில் சேரும் புளிப்பை அதுதான் தணிக்கிறது. வைக்கோல் மாதிரி முரட்டுத் தீனி உள்ளே மிதந்து சுவரில் உராய்ந்தால்தான் அசையே வரும்.

சோற்றுக்கு அந்த முரடு கிடையாது. அசை வராது, எச்சில் ஊறாது, அதே நேரம் மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகள் மட்டும் சில மணி நேரத்தில் பலமடங்காகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். புளிப்பு ஏற ஏற, நாரைச் செரிக்கும் உயிர்கள் செத்துப்போகும். உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் அந்த அறைக்குள் இறங்கிவிடும், என் மாட்டுக்குக் கண் குழி விழுந்தது அதனால்தான். அமிலம் ரத்தத்தில் கலந்த பிறகு எந்த டாக்டராலும் காப்பாற்றுவது கஷ்டம். 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவை அளவுக்கு மீறித் தின்று ஐந்து மாடுகள் செத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே கதைதான்.

சோறே கூடாது என்று நான் சொல்லவில்லை. தவிட்டோடு கொஞ்சம் கஞ்சி கலந்து தினமும் வைப்பவர்கள் இருக்கிறார்கள், வயிறு அதற்குப் பழகியிருக்கும். பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரேயடியாகக் குவிப்பதுதான் ஆபத்து. புதுத் தீவனம் எதுவானாலும் உள்ளிருக்கும் உயிர்கள் பழகுவதற்கு இரண்டு வாரமாவது கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

எங்கள் பக்கம் தை முகூர்த்தம் தொடங்கிவிட்டது, மண்டப வாசலில் மிச்சச் சோற்றைத் தெருமாட்டுக்குக் கொட்டுவதைப் புண்ணியம் என்றே நினைக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட்ட அதே இடத்தில் இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் ஐயா. பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டுக் கும்பிட்டால் போதும், மீதிக்கு ஒரு கட்டுப் பச்சைத்தட்டு போடுங்கள். யார் வீட்டு மாடாவது சோற்று அண்டாவில் வாய் வைத்துவிட்டது என்று தெரிந்தால், விடியட்டும் என்று என்னைப் போல இருந்துவிடாமல் அன்று ராத்திரியே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒரு பெண்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.